ஸ்கேனில் தெரியாத காயம்: அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோயை மூளைப்படங்களும் கணினியும் ஆராயும் விதம்

எங்கள் மனநலப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி நிகழும் ஓர் உரையாடலிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். இதில் வருபவர் தனியொருவர் அல்லர். பல நோயாளிகளின் அனுபவங்களைச் சேர்த்து, அடையாளங்களை நீக்கி எழுதியிருக்கிறோம்.

அவர் ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர். நெடுஞ்சாலை விபத்தொன்றில் உயிர் பிழைத்தவர். உடன் வந்த கிளீனர் அவர் கண்ணெதிரே இறந்துபோனார். காலில் ஏற்பட்ட எலும்பு முறிவு கூடி, நடையும் சீராகிவிட்டது. ஆயினும் ஆறு மாதங்களாக அவர் எந்த வண்டியின் அருகிலும் செல்வதில்லை. தெருவில் திடீரென ஹாரன் ஒலித்தால் உடல் விதிர்விதிர்த்து வியர்க்கிறது. இரவில் அலறி எழுகிறார். பிள்ளைகளிடம் பேச்சு குறைந்துவிட்டது.

அவரை அழைத்து வந்த அண்ணன், கையிலிருந்த ஸ்கேன் உறையை மேசைமேல் வைத்தார். “மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சு டாக்டர். எல்லாம் நார்மல்னுதான் எழுதியிருக்கு. அப்புறம் என்ன வியாதி? வேலைக்குப் போக மனசில்லாம நடிக்கிறான்னுதான் எனக்குத் தோணுது.”

ஓட்டுநர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: “கம்ப்யூட்டர் வச்சு மூளையையே படிக்கிற டெஸ்ட் புதுசா வந்திருக்காமே டாக்டர், அதை எடுத்தா இவருக்கு என்னன்னு தெரிஞ்சிடுமா? நகையை அடகு வச்சாவது எடுத்திடுறோம்.”

இரண்டு கேள்விகள். ஸ்கேன் இயல்பாக இருந்தால் நோயே இல்லையா? புதிய கணினி ஆய்வுகள் நோயைக் காட்டிவிடுமா? இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்பதே. ஆனால் அந்த இரு ‘இல்லை’களுக்கும் பின்னுள்ள காரணங்கள் வேறு வேறானவை. அவற்றை விளக்கமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நடிப்பு என்று சொல்லப்பட்ட நோய்

உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிகழ்வையோ கொடிய வன்முறையையோ நேரில் அனுபவித்தவருக்கும் கண்டவருக்கும் மனம் கலங்குவது இயற்கை. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் அக்கலக்கம் தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் தணிவதில்லை. நிகழ்வு கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அதை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் அவர்கள் தவிர்க்கிறார்கள். குற்றவுணர்வும் வெறுமையும் குடிகொள்கின்றன. உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கி விழித்தேயிருக்கிறது. இந்நான்கும் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமானால், அதனை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் என்கிறோம். மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 3.9 விழுக்காட்டினர் வாழ்வில் ஏதேனும் ஒரு காலத்தில் இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

‘நடிக்கிறான்’ என்ற குற்றச்சாட்டு இந்நோயோடு சேர்ந்தே வந்திருக்கிறது. முதல் உலகப் போரில் நடுங்கும் கைகளோடும் பேச்சிழந்தும் வந்த வீரர்களைப் பற்றி 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதினார். ‘ஷெல் ஷாக்’ என்று அது அழைக்கப்பட்டது. வெடிகுண்டின் அதிர்வு நரம்புகளைச் சிதைத்திருக்கலாம் என முதலில் எண்ணினர். குண்டு வெடித்த இடத்திற்கு அருகிலேயே செல்லாத வீரர்களுக்கும் அதே குறிகள் தோன்றியபோது அவ்விளக்கம் போதவில்லை. பலர் கோழைகள் என்று ஏசப்பட்டனர். அப்போரில் படையைவிட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படை சுட்டுக்கொன்ற 306 வீரர்களுக்கு 2006இல்தான் அந்நாட்டு அரசு மன்னிப்பு வழங்கியது. அவர்களுள் சிலரேனும் இந்நோயால் துன்புற்றவர்களாக இருந்திருப்பர் என இன்று கருதப்படுகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துயரம் வெளிப்பட்ட பின்னரே, 1980இல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இந்நோய் தனிப்பெயருடன் இடம்பெற்றது.

கண்ணுக்குத் தெரியாத காயத்தை உலகம் நம்ப மறுக்கும். மூளைப்பட ஆராய்ச்சி இத்துறையில் இத்தனை ஆர்வத்தோடு வரவேற்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘நார்மல்’ என்றால் என்ன பொருள்?

மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கப்படும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் மூளையின் அமைப்பைக் காட்டுபவை. இரத்தக்கசிவு, கட்டி, இரத்தக்குழாய் அடைப்பு, வீக்கம் ஆகியவை இருக்கின்றனவா என்று கதிரியல் மருத்துவர் பார்க்கிறார். அவை எவையும் இல்லையெனில் ‘இயல்பானது’ என்று எழுதுகிறார். வீட்டின் சுவரிலும் கூரையிலும் விரிசல் இல்லை என்று கொத்தனார் சொல்வதைப் போன்றது அது. சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளில் எங்கு மின்னோட்டம் மிகுதி, எங்குக் குறைவு என்பதை அவர் சொல்லவில்லை. அது அவர் பார்த்த பொருளும் அன்று.

மூளையின் செயலைக் காண வேறு முறைகள் வேண்டும். மூளையின் ஒரு பகுதி மிகுதியாக உழைக்கும்போது அங்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தை எம்.ஆர்.ஐ. கருவியால் அளக்கலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா என்ற அறிவியலாளரும் அவர் குழுவினரும் காட்டினர். செயல்முறை எம்.ஆர்.ஐ. என்ற துறை அதிலிருந்து வளர்ந்தது. இது பி.டி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை ஆராய்ச்சிக் கருவியே. நாள்தோறும் நோயறியப் பயன்படும் சோதனையன்று.

மூளையின் மூன்று இடங்கள்

இந்நோயில் மூன்று பகுதிகளைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. முதலாவது அமிக்டலா, பாதாம் பருப்பு வடிவிலான சிறு பகுதி. ஆபத்தை உணர்ந்து உடலை எச்சரிப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டாவது ஹிப்போகாம்பஸ். எங்கே, எப்போது, எந்தச் சூழலில் ஒரு நிகழ்வு நடந்தது என்று நினைவுக்கு முகவரி எழுதுவது இது எனலாம். மூன்றாவது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியின் உட்புறப் பகுதி. ‘இப்போது ஆபத்தில்லை, அமைதி கொள்’ என்று அச்சத்தைத் தணிப்பதில் இது துணைபுரிகிறது.

நம் ஓட்டுநருக்கு வருவோம். தெருவில் ஒலிக்கும் ஹாரனைக் கேட்டதும் எச்சரிக்கை மணி அடிக்கிறது. ‘இது நெடுஞ்சாலையன்று, உன் வீட்டுத் தெரு’ என்று சூழலை எடுத்துச் சொல்ல வேண்டிய பகுதி மெல்லப் பேசுகிறது. மணியை நிறுத்த வேண்டிய பகுதியும் தளர்ந்திருக்கிறது. பல ஆய்வுகளின் சராசரியில் கிடைத்த சித்திரம் இது. ஒவ்வொரு நோயாளியிடமும் இவ்வாறே இருக்கும் என்பதில்லை.

1995இல் வியட்நாம் போர் வீரர்களை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்தபோது, பி.டி.எஸ்.டி. உள்ளவர்களின் ஹிப்போகாம்பஸ் சற்றுச் சிறிதாக இருந்தது. அதிர்ச்சி அதனைச் சுருக்கியதா, சிறிதாக இருந்ததால் நோய் வந்ததா என்ற கேள்வி எழுந்தது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு முட்டை இரட்டையர்களைக் கொண்டு இதை அணுகியது. இரட்டையரில் ஒருவர் போருக்குச் சென்றவர்; மற்றவர் வீட்டிலேயே இருந்தவர். போருக்குச் சென்றவருக்கு நோய் கடுமையாக இருந்த இணைகளில், போரையே காணாத உடன்பிறப்புக்கும் ஹிப்போகாம்பஸ் சிறிதாகவே இருந்தது. ஆக, அதிர்ச்சிக்கு முன்பே அமைந்திருந்த உடற்கூறும் இதில் பங்கு கொள்ளலாம். உயரத்தையும் கண்ணின் நிறத்தையும் போல, அது எவரும் தாமே தேர்ந்துகொண்டதன்று. ‘அவன் தம்பி தாங்கிக்கொண்டானே, இவனால் ஏன் முடியவில்லை?’ என்று கேட்பவர்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும்.

2018இல் பல நாட்டு ஆய்வு மையங்கள் இணைந்து 1,868 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்தன. ஹிப்போகாம்பஸ் வேறுபாடு அப்போதும் தென்பட்டது. ஆனால் மிகச் சிறிய அளவிலேயே. நோயுள்ளவர்களின் அளவுகளும் இல்லாதவர்களின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. ஒருவரின் படத்தை மட்டும் பார்த்து ‘இவருக்கு நோய் உண்டு’ என்று சொல்ல இயலாமைக்குக் காரணம் இதுவே.

நினைவா, நிகழ்காலமா?

நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளத்தக்க மற்றோர் ஆய்வு 2023இல் வெளியானது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தையும் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியையும் சேர்ந்தவர்கள் அதை நடத்தினர். பி.டி.எஸ்.டி. உள்ள 28 பேர் தத்தம் வாழ்விலிருந்து மூன்று வகை நினைவுகளைக் கூறினர்: அதிர்ச்சி தந்த நிகழ்வு, துயரமான ஆனால் அதிர்ச்சியற்ற நிகழ்வு, அமைதியான நிகழ்வு. பின்னர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி அவர்கள் தம் கதைகளைக் கேட்டனர். எந்தெந்தக் கதைகள் பொருளில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்பதைக் கணினிவழி மொழியாய்வு அளந்தது.

துயர நினைவுகளில், கதைகள் ஒத்திருந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் செயற்பாடும் ஒத்திருந்தது. அதிர்ச்சி நினைவுகளிலோ அந்த ஒற்றுமை காணப்படவில்லை. அதிர்ச்சி நினைவை மூளை வழக்கமான நினைவாகக் கையாளவில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 28 பேர் என்பது சிறு எண்ணிக்கையே. ஆயினும், எங்கள் நோயாளிகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் ஒன்றுக்கு இது வலுவூட்டுகிறது. “ஞாபகம் வருதுன்னு சொல்ல முடியாது டாக்டர், திரும்ப நடக்குது” என்பார்கள். அது மிகைப்பேச்சு அன்று. சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒன்றுசேர்த்து, ‘இது நடந்தது, முடிந்தது’ என்று கடந்தகாலத்தில் அமர்த்துவதே அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சையின் நோக்கம்.

இயந்திரக் கற்றல் என்பது யாது?

மாம்பழ வகைகளைக் குழந்தை எவ்வாறு கற்கிறது? எவரும் இலக்கணம் சொல்லித் தருவதில்லை. இது பங்கனப்பள்ளி, இது மல்கோவா என்று பலமுறை காட்டிக்காட்டி, பிறகு புதிய பழத்தைக் கொடுத்தால் அது தானே பெயர் சொல்கிறது. கணினிக்கும் நூற்றுக்கணக்கான மூளைப்படங்களை, ‘நோயுள்ளவர்’, ‘நோயற்றவர்’ என்ற குறிப்புடன் தருகிறார்கள். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஒழுங்குகளைக் கணினி தேடிக் கற்கிறது. பின்னர், அது முன்பு கண்டிராத படங்களைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். இதுவே இயந்திரக் கற்றல்.

சிறு ஆய்வுகளில் இம்முறை வியக்கத்தக்க வெற்றி பெற்றதாகச் செய்திகள் வருவதுண்டு. பெரிய அளவில் சோதித்தபோது என்ன ஆயிற்று என்பதை 2023இல் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வு காட்டுகிறது. 3,477 பேரின் அமைப்புப் படங்கள் அதில் பயன்பட்டன. நோயுள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் அருகருகே நிறுத்தி, யார் நோயாளி என்று கணினியைக் கேட்டதாகக் கொள்வோம். அது சரியாகச் சொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 விழுக்காடு சரியாக இருக்கும். எந்த அதிர்ச்சியையும் சந்திக்காதவர்களோடு ஒப்பிட்டபோது மட்டும் அது 75 விழுக்காடு வரை உயர்ந்தது.

ஏன் இந்தத் தடுமாற்றம்? முதற்காரணம், கருவிகளின் வேறுபாடு. ஒரு மையத்தின் எம்.ஆர்.ஐ. கருவியும் மற்றொன்றின் கருவியும் ஒரே மாதிரி படமெடுப்பதில்லை. கணினி நோயைக் கற்பதற்குப் பதில் கருவியைக் கற்றுவிடக்கூடும். மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டறியப் பழக்கிய மென்பொருள் ஒன்று, படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையே அடையாளம் காணக் கற்றிருந்ததை 2018இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. இரண்டாவது, பி.டி.எஸ்.டி. உள்ள பலருக்கு மனச்சோர்வு, மதுப்பழக்கம் போன்றவையும் உடனிருக்கின்றன. எதன் தடம் எது எனப் பிரிப்பது கடினம். மூன்றாவது, ஒரே பெயரால் அழைக்கப்படும் இந்நோய் எல்லோரிடமும் ஒன்றாக இல்லை. சிலர் எந்நேரமும் கொதித்திருக்கிறார்கள், சிலர் மரத்துப்போகிறார்கள்.

கேள்வியை மாற்றிக் கேட்டால்

மூன்றாவது காரணமே ஆராய்ச்சியாளர்களுக்குப் புதிய வழியையும் காட்டியது. ‘நோய் உண்டா, இல்லையா?’ என்பதை நோயாளியிடம் பேசியே நம்மால் அறிய முடியும். அறிய முடியாதது வேறு: இந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை பலன் தரும்?

2019இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று, பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் ஒரு பிரிவினரிடம் இரண்டு கூறுகள் சேர்ந்திருப்பதைக் கண்டது. சொற்பட்டியலைக் கேட்டு நினைவில் வைத்துத் திரும்பச் சொல்வதில் அவர்களுக்குக் குறைபாடு இருந்தது; கவனத்தைத் திருப்பும் மூளை வலையமைப்பின் இணைப்பும் குறைந்திருந்தது. அப்பிரிவினருக்கு, அஞ்சும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சை மற்றவர்களுக்குப் பலனளித்த அளவு பலனளிக்கவில்லை. சிகிச்சையில் முன்னேற்றம் காணாதவரை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எளிதில் கடிந்துகொள்ளும் மருத்துவர்களாகிய எங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

மற்றோர் ஆய்வு, விபத்து போன்ற நிகழ்வுகளுக்குப் பின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களை இரண்டு வாரங்களில் படமெடுத்து, மூளைச் செயற்பாட்டின் அடிப்படையில் பிரிவுகளாக வகுத்தது. எந்தப் பிரிவினருக்குப் பின்னாளில் நோய்க்குறிகள் மிகும் என்று முன்னறியலாம் என்ற நம்பிக்கையை 2021இல் அது தந்தது. 2023இல் வேறொரு குழு தன்னிடமிருந்த நோயாளிகளிடம் அதனைச் சோதித்தபோது அதே முடிவு கிட்டவில்லை. இதைத் தோல்வி என்று நாங்கள் கருதவில்லை. ஒருவர் கண்டதை மற்றவர் மீண்டும் சோதிப்பதால்தான், உறுதியற்ற சோதனைகள் உங்கள் பணத்தையும் நம்பிக்கையையும் விழுங்காமல் தடுக்கப்படுகின்றன.

எம்.ஆர்.ஐ. இல்லாமலே சில முன்னேற்றங்கள் வந்திருக்கின்றன. 2020இல் அமெரிக்காவின் அட்லாண்டா, நியூயார்க் நகரங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், வழக்கமான இரத்தச் சோதனைகளையும் உடனடி மனநிலை பற்றிய சில வினாக்களையும் கொண்டு, யாருக்குப் பி.டி.எஸ்.டி. நீடிக்கக்கூடும் என்று கணினி முன்கணிக்க முயன்றது. முடிவு ஊக்கமளிப்பதாக இருந்தது. எம்.ஆர்.ஐ. கருவிக்குப் பலரும் காத்திருக்க வேண்டிய நம் போன்ற நாடுகளுக்கு இவ்வழியே பொருத்தமானதாக அமையலாம்.

உங்களுக்கு இதன் பொருள் என்ன?

பி.டி.எஸ்.டி.யை உறுதிசெய்ய இன்று எந்த ஸ்கேனும் தேவையில்லை. தலையில் அடிபட்டிருந்தாலோ, வலிப்பு, கைகால் தளர்ச்சி, தீராத தலைவலி, நினைவு தவறுதல் போன்றவை இருந்தாலோ வேறு நோய்களை விலக்குவதற்காக ஸ்கேன் எழுதுவோம். ‘செயற்கை நுண்ணறிவு மூளைச் சோதனை’ என்று எவரேனும் பெருந்தொகை கேட்டால், பணம் கட்டுமுன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

பலன் உறுதிப்பட்ட சிகிச்சைகள் இப்போதே உள்ளன. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளைத் துணைகொள்ளும் ஈ.எம்.டி.ஆர். ஆகிய உளவியல் சிகிச்சைகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. செர்ட்ராலின், பராக்செட்டின் போன்ற மருந்துகளும் பலருக்கு உதவுகின்றன. இவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும், தாமாக நிறுத்தக்கூடாது. தூக்கமாத்திரையை மட்டும் கடையில் வாங்கி விழுங்குவது நோயைத் தீர்க்காது, பழக்கமாகவும் மாறிவிடும்.

மூளைப்பட ஆராய்ச்சியில் பங்கேற்குமாறு எப்போதேனும் உங்களைக் கேட்டால், விருப்பமிருந்தால் மட்டும் இசையுங்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் மாற்றம் இராது. உங்கள் மனநலத் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை.

உடனிருப்போர்க்கு

‘நடிப்பு’, ‘கோழைத்தனம்’, ‘மறந்துவிடு’ என்ற சொற்களைத் தவிருங்கள். நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தாதீர்கள். அவரே சொல்ல முன்வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

கெட்ட கனவில் அலறும்போது தொட்டு உலுக்கி எழுப்பாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று, பெயர் சொல்லி அழைத்து, ‘நம்ம வீட்டில்தான் இருக்கீங்க’ என்று மெல்லச் சொல்லுங்கள்.

மது அருந்தித் தூங்க முயல்கிறாரா என்று கவனியுங்கள். அதை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் மிரட்டலாகக் கருதாமல், தனியே விடாமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அரசின் டெலி-மானஸ் இலவச மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் பேசலாம்.

உங்கள் உறக்கத்தையும் பாருங்கள். பராமரிப்பவர் களைத்துச் சோர்ந்தால் அதையும் எங்களிடம் சொல்லலாம்.

அன்று அந்த ஓட்டுநரின் அண்ணனிடம் நாங்கள் சொன்னது இதுதான்: “ஸ்கேன் நார்மல் என்பது நல்ல செய்தி. மூளையில் கட்டியோ கசிவோ இல்லை. தம்பி சொல்வது பொய் என்று அதற்குப் பொருள் இல்லை.” அவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாரமும் தம்பியுடன் வந்தார். இம்முறை கையில் ஸ்கேன் உறை இல்லை.

சிகிச்சையின் மூன்றாம் மாதத்தில், நிறுத்திவைத்த வண்டியின் இருக்கையில் ஓட்டுநர் பத்து நிமிடம் அமர்ந்தார். பக்கத்து இருக்கையில் அண்ணன் இருந்தார். இருவரும் வண்டியை எடுக்கவில்லை. அதற்கு இன்னும் நாளிருக்கிறது.